நினைவிழந்தோர் கதைகள்: ஒரு நோக்கு

சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதுக என நண்பர்கள் பணித்தபோது, சிலம்பிலோ கம்பனிலோ ஒரு கூற்றை எடுத்துக்கொண்டு எழுதுவதே முறை எனத் தோன்றியது. ஆயின் அத்துறைகளில் நம்மினும் வல்லார் ஆண்டுதோறும் எழுதி வருகின்றனர். அலுவலகக் கோப்புகளுக்கிடையே இலக்கியம் பயிலும் நம்போன்றார், தாம் கண்டதும் உற்றதுமான பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வதே நன்று. ஆதலின், தலையில் பெருங்காயமுற்றுப் பிழைத்தவர்களின் கதையை நம் நாடகமும் திரையும் எவ்வாறு சொல்லி வந்துள்ளன, எதைச் சொல்லாமல் விட்டுள்ளன என்பதை ஆராயப் புகுகின்றோம். திரைப்படத்தையா திறனாய்வது என முகம் சுளிக்கும் அன்பர்கள் பொறுத்தருள்க. நம் வீடுகளில் பெரியோரும் பிள்ளைகளும் இன்று கதை கேட்பது அங்கேதான்.

நினைவிழத்தல் நம் நாட்டுக் கதை மரபுக்குப் புதிதன்று. காளிதாசரின் சாகுந்தலத்தில், துர்வாசரின் சாபத்தால் துஷ்யந்தன் சகுந்தலையை மறக்கின்றான். மீன் வயிற்றிலிருந்து கிடைத்த கணையாழியைக் கண்டதும் யாவும் நினைவுக்கு வருகின்றன. மறைமலையடிகள் 1907-இல் இந்நாடகத்தைத் தமிழாக்கினார். 1940-இல் எம். எஸ். சுப்புலட்சுமி நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. இக்கதையில் மறதி என்பது ஒரு பூட்டு. கணையாழி அதன் திறவுகோல். பூட்டுத் திறந்தவுடன் உள்ளிருந்த பொருள் சிறிதும் சேதமின்றி வைத்தது வைத்தபடியே இருக்கின்றது. கவிஞர் எழுதியது சாபத்தைப் பற்றி. நோயைப் பற்றி அன்று. அவரைக் குறைகூற யாதுமில்லை. சாபம் இருந்த இடத்தில் தலைக்காயத்தை வைத்துவிட்டு, கணையாழியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்ட பிற்காலத்தாரிடமே குறை உள்ளது.

ஆங்கில நாவலாசிரியர் ஜேம்ஸ் ஹில்டன் 1941-இல் எழுதிய 'ராண்டம் ஹார்வெஸ்ட்' இவ்வகைக்கு ஓர் அச்சு வகுத்துத் தந்தது. முதல் உலகப் போரில் நினைவிழந்த வீரன் ஒருவன், புதுவாழ்வு தொடங்கி மணமும் புரிந்தபின், தெருவில் அடிபட்டுப் பழைய நினைவு பெறுகின்றான். இடைப்பட்ட ஆண்டுகள் மறைந்துவிடுகின்றன. மறுஆண்டே அது ஹாலிவுட் படமாயிற்று. 1956-இல் ஸ்ரீதர் எழுத, சிவாஜி கணேசனும் சாவித்திரியும் பத்மினியும் நடித்த 'அமரதீபம்' அவ்வச்சில் வார்த்ததே. (மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த அதே 1956-இல் விளவங்கோடு வரை தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நம் ஊராகிய அமரவிளை அவ்வட்டத்தைச் சேர்ந்தது. பெயரில் பாதி ஒன்றாயிருப்பதைத் தவிர அப்படத்துக்கும் நம் ஊருக்கும் தொடர்பில்லை.)

இவ்வச்சில் வார்த்தவற்றுள் தலையாயது பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'. 1982-இல் வெளிவந்து, கமல்ஹாசனுக்கும் ஒளிப்பதிவுக்காக இயக்குநருக்கும் தேசிய விருதுகள் பெற்றுத் தந்த படம். கார் விபத்தில் தலையில் அடிபட்ட இளம்பெண் சிறுமியின் மனநிலைக்குத் திரும்புகின்றாள். தீயோர் கையிற் சிக்கிய அவளைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மீட்டு, நீலகிரியில் கேத்தி என்னும் ஊரில் வைத்துப் பேணுகின்றார். நாட்டு வைத்தியர் ஒருவரின் சிகிச்சையால் அவள் தெளிவடைகின்றாள். தெளிந்ததும் பேணியவரை மறந்துவிடுகின்றாள். புகைவண்டி நிலையத்தில், மழையில், அவர் குரங்குபோல் ஆடிக் காட்டியும் அவள் அறியாது போகின்றாள். அக்காட்சியைக் கண்டு கலங்காத தமிழர் அரியர். நாமும் கலங்கியவரே.

எனினும் ஒன்று நோக்கற்பாலது. அப்படத்தில் துயருறுபவர் பேணியவர், அடிபட்டவள் அல்லள். அவள் பாவாடை சட்டையில் நாய்க்குட்டியோடு விளையாடும் குழந்தையாக இருக்கின்றாள். பின் முழுப் பெண்ணாக எழுகின்றாள். கை கால் விளங்காமையில்லை; சொல் குழறவில்லை. பேணுதலும் பாட்டும் கதையுமாகவே கழிகின்றது. கலை என்ற அளவில் இது குற்றமன்று. இயக்குநர் எழுத விரும்பியது பிரிவை, காயத்தை அன்று. ஆனால் அப்படத்தை அமரவிளையில், நம் மாமன் வீட்டு நடையில் அமர்ந்து கண்டவர் ஒருவர் அதனைப் பிரிவின் கதையாகக் கொள்ளவில்லை. அதைச் சொன்னாலன்றி நாம் கூறவரும் குறை விளங்காது.

நம் தாய்மாமன் அமரவிளையில் நெடுஞ்சாலையை ஒட்டிப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அந்நாளில் அங்குச் சுங்கச் சாவடிபோல் வணிகவரிச் சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. சரக்கு சேவை வரி வந்த 2017 வரை, தமிழகத்திலிருந்து வரும் லாரிகள் அங்கு வரிசையில் காத்துக் கிடக்கும். 1994-இல் ஒருநாள் மாலை, பின்விளக்கு இல்லாமல் நின்ற லாரி ஒன்றின் மேல் மாமனின் ஸ்கூட்டர் மோதியது. லாரியின் எண்ணை எவரும் குறித்துக்கொள்ளவில்லை. நமக்கு அப்போது பதினைந்து வயது.

மண்டை பிளந்தால்தான் மூளைக்குக் கேடு என்று அன்று நினைத்திருந்தோம். விரைந்து செல்லும் தலை திடுமென நிற்கும்போது, உள்ளிருக்கும் மூளை நில்லாது அசைகின்றது. எலும்பில் மோதிக் கன்றுவதோடு, அதன் நுண்ணிய இழைகள் இழுபட்டும் முறுகியும் பரவலாக அறுபடுகின்றன. மயக்கத்தின் ஆழத்தை அளக்க 1974-இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இருவர் வகுத்த அளவுகோல் 3 முதல் 15 வரை செல்லும். 8-க்கு மேற்படாதாயின் கடுங்காயம் என்பர். மாமன் அத்தொகுதியில் இருந்தார். நாற்பத்திரண்டு நாள் கழித்து மருத்துவமனையினின்று அனுப்பும்போது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றனர். எதைப் பார்ப்பது, எவ்வாறு பார்ப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவர் கடையை மூடிச் சென்ற அதே மனிதர் அல்லர். வலக்கையும் வலக்காலும் தளர்ந்திருந்தன. மணம் அறியும் புலன் போயிற்று. பால் தீய்ந்தாலும் அறியார். அடக்கமே உருவான மனிதர், சாவு வீட்டில் சிரித்தார். சோறு இரண்டு நிமிடம் தாழ்ந்தால் தட்டை எறிந்தார். பகலெல்லாம் களைத்துக் கிடந்தார். இவை யாவும் மூளைக்காயத்தின் விளைவுகளே, குணக்கேடு அல்ல என்பதை மாமி அறிந்துகொள்ளவே பல ஆண்டுகள் ஆயின. அதுவரை தாம் ஏதோ பிழை செய்துவிட்டதாகவே அவர் எண்ணியிருந்தார்.

எல்லாவற்றினும் வியப்பானது மொழி. மாமன் வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசுபவர். காயத்தின்பின் பல மாதம் பேச்சில்லை. முதலில் வந்த சொற்றொடர், "எத்ர வேணம்?" என்பது. எவ்வளவு வேண்டும் எனக் கடையில் நாளொன்றுக்கு நூறு முறை கேட்டுப் பழகிய கேள்வி. நலம் விசாரிக்க வந்தவர், மருந்து கொடுத்தவர், பெற்ற மகள், யாவரிடமும் அதுவே கேட்டார். தானாக ஓடிப் பழகிய தொடர்கள், பேச்சு அழிந்தபின்னும் எஞ்சி நிற்பதுண்டு. அதன்பின் "மதி" வந்தது. சோறு போதும் என்பதற்கு. தமிழ்ச் சொற்கள் மிகப் பிந்தியே வந்தன. மகளின் பெயர் கடைசிவரை சரியாக வரவில்லை.

இருமொழி பேசுவோர் பேச்சிழந்தால் முதலில் கற்ற மொழியே முதலில் மீளும் என்று பிரான்சு நாட்டு அறிஞர் ரிபோ 1881-இல் கருதினார். அன்று, மிகுதியாகப் புழங்கிய மொழியே மீளும் என்று பித்ர் என்பார் 1895-இல் மறுத்தார். இருவர் கூற்றுக்கும் விலக்குகள் உண்டு. நம் மாமன் பித்ர் பக்கம் நின்றார் எனலாம். தக்கலைப் பக்கத்திலிருந்து வாழ வந்து, வீட்டுக்குள் மலையாளம் நுழையக் கூடாதென்று பிள்ளைகளைக் கண்டித்து வளர்த்த மாமி, அதன்பின் தம் கணவரோடு மலையாளத்திலேயே பேசினார். இரு மொழிக்கிடையே பிள்ளை வளர்க்கும் இம்மலரின் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நிலையில்தான், 1996 அளவில், கேபிளில் 'மூன்றாம் பிறை' வந்தது. படம் முடிந்ததும் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, மாமி கேட்டது இது: "அந்தப் பிள்ளைக்குச் சொகமாயிட்டு பாத்தியா மக்களே. அந்த வைத்தியரு எந்த ஊருன்னு விசாரிப்பியா?" கதைதானே மாமி என்றோம். கதையென்று அவருக்கும் தெரியும். ஆனால் அடிபட்டவர் என்ன ஆவார் என்பதற்கு அவர் கையில் இருந்த ஒரே நூல் அதுதான். அடுத்த மூன்றாண்டுகளில் எண்ணெய், நெய், பொடி, பூசை எனக் கழுத்திலும் கையிலும் இருந்தவை போயின. இன்னொரு முறை தலையில் தட்டினால் சரியாகும் என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு. அவர்களும் அதனைக் கற்றது கொட்டகையில்தான். இரண்டாம் அடி மேலும் கெடுக்குமேயன்றி மீட்காது.

நம் அலுவலகத் தொழிலை ஒட்டி இடையே ஒன்று. அரசு ஊழியர் ஒருவர் பணிக்காலத்தில் இவ்வாறு மாற்றுத்திறனாளி ஆனால், அவரை நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாதென 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு விதித்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் அதனையே கூறுகின்றது. ஏற்ற பணியிடம் இல்லையெனில், உபரிப் பணியிடம் ஒன்றைத் தோற்றுவித்தேனும் ஓய்வு பெறும்வரை அதே ஊதியத்தில் வைத்திருத்தல் வேண்டும். கடைக்காரருக்கு அத்தகைய பிரிவு எதுவுமில்லை. கடையை மாமி நடத்தினார்.

மீண்டும் திரைக்கு வருவோம். பாலு மகேந்திராவிடம் பயின்ற பாலா 1999-இல் எடுத்த 'சேது', ஆசிரியரின் படத்துக்கு ஒரு மறுமொழிபோல் அமைந்தது. அடித்து நொறுக்கப்பட்ட தலையோடு, சங்கிலியில் கட்டப்பட்டு, பாண்டி மடத்தில் கிடக்கும் இளைஞனைக் காட்ட ஒரு நெஞ்சுரம் வேண்டும். காயத்தின் அழகின்மையை நம் திரை முதன்முதல் ஒப்புக்கொண்டது அங்கேதான் என்பது நம் கருத்து. விக்ரம் தம் உடம்பையே வருத்தி அதனைச் செய்தார். ஆயினும் அவனும் தெளிகின்றான். காதலி இறந்தமை கண்டே மடத்துக்குத் திரும்புகின்றான். மூளை ஆறிவிட்டது, ஆறாதது காதல் என்கின்றது கதை. நம் வீட்டில் நிகழ்ந்தது அதற்கு மாறானது: அன்பு ஆறவுமில்லை, மாறவுமில்லை, மூளைதான் ஆறவில்லை.

2005-இல் வந்த 'கஜினி' ஆறாத காயத்தைக் காட்டியது என்பதற்காக அதனை மதிக்கின்றோம். பதினைந்து நிமிடத்துக்குமேல் எதுவும் நில்லாத நினைவு. சுவரெல்லாம் குறிப்பு, மேலெல்லாம் பச்சை. பழிவாங்கலையும் தோள்வலியையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், அச்சுவர்க் குறிப்புகள் உண்மையானவை. மாமி வீட்டுச் சுவரிலும் இருந்தன: விளக்கை அணை, மருந்து குடித்தாயிற்று, மகள் ஞாயிறு வருவாள். படத்தில் அவற்றை நாயகனே எழுதுகின்றான். இல்லங்களில் எழுதுபவர் வேறொருவர்.

2012-இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்தக் காணோம்' உண்மை நிகழ்ச்சி. ஒளிப்பதிவாளர் பிரேம்குமார் கிரிக்கெட் ஆடும்போது தலையில் அடிபட்டு, சிறிது காலம் நினைவிழந்ததைப் படமாக்கினர். அது சிறு காயம், தானே தெளிந்தது. ஆதலின் அதில் நகைச்சுவை பொருந்திற்று. பெருங்காயத்தின் கதையென அதனைக் கொள்பவர் ஏமாறுவர்.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கையில் நமக்குத் தோன்றுவது ஒன்று. நம் கலைஞர்கள் அடிபடும் நொடியையும் தெளியும் நொடியையும் எழுதினர். இடையிலுள்ள ஆண்டுகளைத் தாண்டிச் சென்றனர். பெருங்காயமுற்ற பலர்க்கு அவ்விடைக்காலமே எஞ்சிய வாழ்நாள். அதனை எழுத முடியாதோ எனின், முடியும் என்பதற்குச் சான்று உண்டு. அச்சான்று உருசிய நாட்டினின்று கிடைக்கின்றது.

1943-இல் ஸ்மோலென்ஸ்க் போர்முனையில், ஜசெட்ஸ்கி என்னும் இருபத்துமூன்று வயதுப் படைவீரரின் இடப்பக்க மூளையைக் குண்டு துளைத்தது. பிழைத்தார். ஆனால் காணும் பொருளில் பாதி தெரியாது. தம் உடம்பின் உறுப்பு எங்குளது என்றறியார். எழுத்தும் சொல்லும் சிதறிவிட்டன. ஒருநாள் மருத்துவர், எழுத்தெழுத்தாக எண்ணாமல் கையை எடுக்காது ஒரே வீச்சில் எழுதிப் பாரும் என்றார். எழுத வந்தது. எழுதியதைத் தாமே படிக்க மட்டும் இயலவில்லை. அந்நிலையில் இருபத்தைந்து ஆண்டுகள் நாள்தோறும் எழுதி, மூவாயிரம் பக்கங்களுக்குமேல் நிரப்பினார். ஒருநாளில் அரைப்பக்கம் வந்தால் பெரிது. உளநூல் அறிஞர் லூரியா அவற்றினின்று தொகுத்துத் தம் குறிப்புகளோடு வெளியிட்ட நூல் 1972-இல் 'சிதறிய உலகத்து மனிதன்' என்னும் பொருள்படும் பெயரோடு ஆங்கிலத்தில் வந்தது.

அந்நூலில் கணையாழி இல்லை. ஒரு சொல்லைத் தேடி ஒரு காலைப்பொழுது போவதே நிகழ்ச்சி. ஆயினும் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் படிப்பவர் பதைக்கின்றனர். ஏனெனில் எழுதுபவர் இழந்ததை அறிந்தே இருக்கின்றார். 'மூன்றாம் பிறை'யின் பெண்ணுக்குத் தன் இழப்புத் தெரியாது, ஜசெட்ஸ்கிக்குத் தெரியும். நம் மாமனுக்கும் தெரிந்திருந்தது. மாலையில் கடைத் திண்ணையில் அமர்ந்து, எடைக்கற்களை இடக்கையால் பெரிது சிறிதாக அடுக்குவார். அடுக்கு பிழைத்தால் கலைத்துவிட்டு மாமியைப் பார்ப்பார். அப்பார்வையைத் தமிழில் எவரும் எழுதவில்லை. இதனை நாம் குறையாகவே கூறுகின்றோம். எழுத வல்லவர் நம்மிடையே உள்ளனர். அத்தகைய வீடுகளும் உள்ளன.

இனி, அண்மையில் கண்ட ஒன்று. மலையாளத் திரையின் பெருநடிகர் ஜகதி ஸ்ரீகுமாரை இங்கு வாழும் நம்மவர் அறியாதிருத்தல் அரிது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர். சொல்லின் வேகமும் முகத்தின் கோணலும் அவர் செல்வம். 2012 மார்ச் 10-ஆம் நாள் மலப்புறம் மாவட்டத்தில் பாணம்பிரா என்னுமிடத்தில் அவர் சென்ற கார் சாலை நடுத்தடுப்பில் மோதிப் பெருங்காயமுற்றார். கோழிக்கோட்டிலும், பின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் நெடுநாள் சிகிச்சை பெற்றார். உயிர் மீண்டது, சொல்லும் நடையும் மீளவில்லை.

வேலூரின் பெயரைச் சொல்லும்போது மேரி வர்கீஸை நினையாதிருக்க இயலாது. மலையாளப் பெண், அங்கு மருத்துவராயிருந்தபோது 1954-இல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவம் செய்தார், வேலூரில் 1966-இல் திறந்த மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கினார். பேச்சும் நடையும் இழந்தவரை மீண்டும் பழக்குவதற்கென்றே ஓர் இடம், நமக்கு ஓரிரவுப் பயணத்தில், 1994-க்கு முன்பே இருந்தது. மாமிக்கு நாட்டு வைத்தியரைச் சொன்ன திரை, இதனைச் சொல்லவில்லை.

2022 மே முதல் நாள் கே. மதுவின் இயக்கத்தில் 'சிபிஐ 5: த பிரெய்ன்' வெளிவந்தது. மம்மூட்டி சேதுராம ஐயர் என்னும் துப்பறிவாளராக 1988 முதல் நடித்துவரும் வரிசையில் ஐந்தாவது படம். அவ்வரிசையில் உதவியாளர் விக்ரமாக நடித்துவந்த ஜகதியை, பத்தாண்டுகளுக்குப்பின் அதே பாத்திரமாகத் திரைக்குக் கொண்டுவந்தனர். விக்ரமும் விபத்துற்றுச் சக்கர நாற்காலியில் இருப்பதாகக் கதையை மாற்றிக்கொண்டனர். சொல் எதுவும் பேசாமலே வழக்கின் போக்கில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

படம் பொதுவில் நம்மைக் கவரவில்லை. முடிச்சுகள் மிகுதி, முன்னவற்றின் விறுவிறுப்பு இல்லை. அக்காட்சியைப் பற்றியும் இருவகைக் கருத்து உண்டு. நோயுற்ற கலைஞரைக் காட்சிப்பொருளாக்கினர் என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. நாம் கண்ட கதைகளுள், இங்கொன்றிலேதான் அடிபட்டவர் அடிபட்டவராகவே வருகின்றார்; அவரைத் தெளிவிக்க வைத்தியரும் இல்லை, இரண்டாம் அடியும் இல்லை. பழைய தோழர் வந்து அமர்கின்றார். அவர் உள்ளே இருக்கின்றார் என்று நம்பிப் பேசுகின்றார். சில நிமிடமே வரும் இக்காட்சியில் உள்ள உண்மை, ஒப்பனையால் வந்ததன்று. அதனை நீட்டிக்க அப்படத்துக்குத் துணிவில்லை என்பதே நம் குறை.

நம் மாமன் 2016-இல் காலமானார். படம் தொலைக்காட்சிக்கு வந்தபோது மாமியும் நாமும் அதே நடையில் அமர்ந்து பார்த்தோம். ஜகதி வந்த காட்சியில் மாமி திரைக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தார். காட்சி முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பின், "தலைய நேரா வாரி விட்டிருக்கு, பாத்தியா மக்களே. சட்டையும் கசங்கல்ல. வீட்டில யாரோ வெளுக்கும்முன்னே எழும்பிச் செய்திருக்கணும்" என்றார். கொலை செய்தவன் எவன் என்று அறிய அவர் காத்திருக்கவில்லை. அடுப்பில் பால் இருந்தது.